செய்தவனுக்கே தெரியும்: வரலாற்றுத் தத்துவஞானி விக்கோ, ஓர் எளிய அறிமுகம்

1730-ஆம் ஆண்டு இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் அச்சான ஒரு புத்தகம். திறந்ததும் வாசகரை வரவேற்பது ஒரு படம். நெற்றியோரங்களில் சிறகு முளைத்த ஒரு பெண் உலக உருண்டையின்மேல் நிற்கிறாள். அந்த உருண்டை ஒரு பலிபீடத்தின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் அதற்குத் தாங்கல் கிடையாது. மேலே முக்கோணத்துக்குள் கடவுளின் கண். அதிலிருந்து இறங்கும் ஒளிக்கதிர் பெண்ணின் மார்பில் உள்ள ரத்தினத்தில் பட்டுத் தெறித்து, கீழே நிற்கும் கிரேக்கக் கவி ஹோமரின் சிலைமேல் விழுகிறது. சிலையின் பீடத்தில் விரிசல். தரையில் ஏர், கப்பல் சுக்கான், அஸ்திக் கலசம், எழுத்துகள் வெட்டிய பலகை, வாள், தராசு, பணப்பை எல்லாம் ஆங்காங்கே கிடக்கின்றன.

புத்தகத்தின் பெயர் 'புதிய அறிவியல்'. எழுதியவர் ஜாம்பத்திஸ்தா விக்கோ. முதல் அத்தியாயத்துக்குள் போவதற்கு முன்பே, இந்தப் படத்தில் எது எதற்காக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறார். உருண்டை ஏன் ஓரத்தில் நிற்கிறது? இதுவரை வந்த தத்துவஞானிகள் இயற்கையை மட்டும் பார்த்துக் கடவுளின் ஒழுங்கைத் தேடினார்கள். மனிதர்கள் கூடிக் கட்டிய இன்னொரு உலகம் இருக்கிறதே, ஊர், சட்டம், திருமணம், மொழி, ஆட்சி என்று, அதை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. அதனால்தான் உருண்டைக்கு ஒரு பக்கம் மட்டும் தாங்கல் என்கிறார்.

விக்கோவைப் படிக்கத் தொடங்குபவர்கள் இந்தப் படத்தை முதலில் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. அவர் சொல்ல வந்தது முழுக்க அதில் இருக்கிறது. விரிசல் விட்ட அந்தப் பீடத்துக்குப் பிறகு வருவோம்.

முதலில், வரலாற்றுத் தத்துவம் என்றால் என்ன? ஜூலியஸ் சீசர் எந்த ஆண்டு கொல்லப்பட்டார், யார் குத்தினார்கள் என்று கேட்டால் அது வரலாற்றுக் கேள்வி. நடந்துபோன ஒன்றை நம்மால் உண்மையிலேயே அறிய முடியுமா, சமூகங்கள் மாறுவதில் ஏதாவது ஒழுங்கு உண்டா, ஈராயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் மனத்துக்குள் நாம் நுழைய வழியிருக்கிறதா என்று கேட்டால் அது தத்துவக் கேள்வி. பிரான்சில் வோல்ட்டேர் 1765-இல் 'வரலாற்றின் தத்துவம்' என்று தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். அந்தப் பெயர் பரவியது அதன் பிறகுதான். அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1725-இல், அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு மனிதர் தம் வழியில் பதில் எழுதி அச்சிட்டிருந்தார். அவர் ஊரைத் தாண்டி அதைப் படித்தவர்கள் மிகச் சிலர்.

அறிவொளிக் காலம் என்று நாம் சொல்லும் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் அவர். பகுத்தறிவும் கணிதமும் எல்லா இருட்டையும் போக்கும் என்று ஐரோப்பா நம்பிய காலம். விக்கோவும் இருட்டைப் போக்கத்தான் வந்தார். ஆனால் பழங்கால மனிதனின் இருட்டுக்குக் கணித விளக்கு போதாது என்றார்.

நேபிள்ஸில் சான் பியாஜோ தெய் லிப்ராய் என்று ஒரு குறுகிய தெரு இருக்கிறது. கடைசிச் சொல்லுக்குப் புத்தகக்காரர்கள் என்று பொருள். அங்கே ஒரு சிறு புத்தகக் கடை வைத்திருந்த அந்தோனியோவின் மகனாக 1668-இல் விக்கோ பிறந்தார். ஏழு வயதில் ஏணியின் உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்தார். ஐந்து மணி நேரம் நினைவில்லை. மண்டையோடு உடைந்திருந்தது. பையன் ஒன்று சாவான், இல்லையென்றால் புத்தி பேதலித்துப் போவான் என்று அறுவை மருத்துவர் கையை விரித்துவிட்டார். இரண்டும் நடக்கவில்லை. மூன்று ஆண்டு பள்ளிக்குப் போக முடியவில்லை. அந்த அடியால்தான் தமக்கு ஏக்கமும் முன்கோபமும் கலந்த சுபாவம் வந்தது என்று தம் சுயசரிதையில் எழுதுகிறார். அந்தச் சுயசரிதையைப் 'விக்கோ இப்படிச் செய்தார்' என்று படர்க்கையிலேயே எழுதியிருக்கிறார். பிறந்த ஆண்டையும் 1670 என்று தவறாகப் போட்டிருக்கிறார்.

பள்ளியில் கிடைத்ததைவிடத் தாமே படித்துக்கொண்டதுதான் அதிகம். இளம் வயதில் நேபிள்ஸுக்குத் தெற்கே சிலெந்தோ மலைப்பகுதியில் உள்ள வாத்தொல்லா என்ற சிற்றூரில், ரோக்கா என்ற பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போனார். ஒன்பது ஆண்டுகள் அந்தக் குடும்பத்தோடு இருந்தார். கூட இருந்து வழிகாட்ட ஆசான் இல்லை, புத்தகங்கள் இருந்தன. பிளேட்டோ, ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ், சட்டம், லத்தீன் கவிதை என்று மூழ்கிக் கிடந்தார். திரும்பி வந்தபோது நேபிள்ஸின் படித்த வட்டத்தில் எங்கும் ஒரே பேச்சு: பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே டேக்கார்ட். சொந்த ஊரிலேயே அந்நியனைப் போல உணர்ந்ததாக விக்கோ எழுதுகிறார்.

1699-இல் நேபிள்ஸ் பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலைப் பேராசிரியர் ஆனார். சம்பளம் ஆண்டுக்கு 100 டுக்காட் நாணயம். அது குடும்பத்துக்குப் போதவில்லை. அதே ஆண்டு தெரேசா என்ற பெண்ணை மணந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். வீட்டில் தனிப்பாடம் எடுத்தார். பெரிய மனிதர் வீட்டுத் திருமணங்களுக்கு வாழ்த்துப்பாவும் சாவுகளுக்கு இரங்கலுரையும் கல்லறைக்கு வாசகமும் எழுதிக் கொடுத்தார். 1723-இல் சட்டப் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. சம்பளம் ஆறு மடங்கு. அதற்கான போட்டிச் சொற்பொழிவை ஓர் இரவு முழுக்க, விடியற்காலை ஐந்து மணிவரை, நண்பர்கள் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, எப்போதும் போல அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து தயாரித்தார். பதவி வேறொருவருக்குப் போனது.

அந்தத் தோல்விதான் அவரை விடுவித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இனி பதவிக்காக எழுத வேண்டியதில்லை. பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்தார். அச்சுச் செலவைத் தருவதாக இருந்த கர்தினால் லொரென்சோ கொர்சினி, பின்னாளில் 12-ஆம் கிளமென்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர், கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார். விக்கோ கையிலிருந்த வைர மோதிரத்தை விற்றார். அந்தப் பணத்துக்கு அடங்குமாறு நூலைச் சுருக்கி, புதிதாக எழுதி, 1725-இல் வெளியிட்டார். அதுதான் 'புதிய அறிவியல்' முதல் பதிப்பு. முதலில் எழுதிய பெரிய கையெழுத்துப் பிரதி இன்று நம்மிடம் இல்லை.

நூலை நகரின் பெரியவர்களுக்கு அனுப்பி வைத்தார். யாரும் வாய் திறக்கவில்லை. பாலைவனத்துக்கு அனுப்பியது போல இருக்கிறது, பெற்றுக்கொண்டவர்களைத் தெருவில் சந்திக்க நேரும் என்று கூட்டமுள்ள இடங்களுக்கே நான் போவதில்லை என்று நண்பரான ஒரு பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து வந்த அறிஞர் இதழ் ஒன்று, 1727-இல் அந்த நூலைப் பற்றிச் சில வரிகளில் பரிகாசமாக எழுதியது. எட்டுப் பிள்ளை பெற்றவரை 'மடத்துச் சாமியார்' என்று வேறு குறிப்பிட்டிருந்தது.

அப்படி அந்த நூலில் என்னதான் இருந்தது?

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன லத்தீன் வாக்கியம் இருக்கிறது. 1710-இல் வேறொரு நூலிலேயே அதை எழுதிவிட்டார். பொருள் இவ்வளவுதான்: உண்மை என்பதும் செய்யப்பட்டது என்பதும் ஒன்றே. ஒரு பொருளைச் செய்தவனுக்குத்தான் அது முழுதாகத் தெரியும்.

டேக்கார்ட் சொன்னது வேறு. தெளிவாக, ஐயமற மனத்தில் படுவதே உண்மை. அதற்கு உச்ச எடுத்துக்காட்டு கணிதம். வரலாறு, கவிதை, பழங்கதை இவையெல்லாம் இனிமையானவைதான், ஆனால் நிச்சயமான அறிவைத் தராதவை. பழைய காலத்திலேயே அதிகம் சஞ்சரிப்பவன், நெடுநாள் வெளியூரில் சுற்றியவன் சொந்த ஊருக்கு அந்நியனாவது போல, தன் காலத்தை அறியாதவனாகிவிடுவான் என்றார்.

விக்கோ கேட்டார்: கணிதம் ஏன் அவ்வளவு உறுதியாகத் தெரிகிறது? முக்கோணத்தையும் எண்ணையும் நாமே நம் மனத்தில் உண்டாக்கினோம், அதனால்தான். செடி, மலை, கோள் இவற்றை நாம் உண்டாக்கவில்லை. அவற்றை வெளியிலிருந்து அளக்கலாம், சோதிக்கலாம், ஆனால் உள்ளே போக முடியாது. அவற்றின் உள்மூலம் செய்த கடவுளுக்குத்தான் தெரியும். சரி, நாம் செய்த வேறு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. சட்டத்தை நாம் செய்தோம். திருமணத்தை, மொழியை, நகரத்தை, அரசை நாம் செய்தோம். ஆகவே டேக்கார்ட் ஒதுக்கிய வரலாற்றைத்தான் மனிதனால் உள்ளிருந்து அறிய முடியும். மிகப் பழங்காலத்தின் அடர்ந்த இருளில் அணையாமல் எரியும் ஒரே விளக்கு என்று இந்த எண்ணத்தையே அவர் சொல்கிறார்.

கேட்பதற்கு எளிது. நானும் முதலில் இதைப் படித்தபோது, மனிதன் மனிதனைப் புரிந்துகொள்வதில் என்ன பெரிய சிரமம் என்று நினைத்தேன். விக்கோ அங்கேதான் நிறுத்துகிறார். பழங்காலத்து மனிதன் நம்மைப் போல யோசித்தான் என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே பிசகிவிடும். இந்தப் பிசகுக்கு அவர் இரண்டு வடிவம் காட்டுகிறார். ஒன்று இனங்களின் செருக்கு: உலகில் நாங்கள்தான் முதலில் தோன்றினோம், நாகரிகத்தை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று ஒவ்வோர் இனமும் சொல்லிக்கொள்வது. எகிப்தியர், கிரேக்கர், சீனர் எனப் பலரை அவர் எடுத்துக்காட்டுகிறார். நம்மைச் சுடுகிற இடமும் இதில் உண்டு. இரண்டாவது அறிஞர்களின் செருக்கு: தமக்குத் தெரிந்ததெல்லாம் ஆதியிலேயே தெரிந்திருந்தது, பழங்கதைகளுக்குள் ஞானிகள் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நம்புவது. பழைய பாட்டில் விமானத்தையும் அணுவையும் கண்டுபிடிப்பவர்களை நாம் இன்றும் பார்க்கிறோம். முன்னோரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் உண்மையில் செய்த காரியத்தைப் பார்க்காமல் விடுகிறோம். விக்கோவிடம் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிக முக்கியமானது இதுதான்.

அப்படியானால் ஆதி மனிதர் எப்படித்தான் யோசித்தார்கள்? ஒரு காட்சியை விக்கோ வரைந்து காட்டுகிறார்.

பைபிளில் வரும் பெருவெள்ளம் வடிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. ஈரம் ஊறிய பூமி மெல்லக் காய்கிறது. அடர்ந்த காடுகளில் உருவத்தில் பெரிய மனிதர்கள் விலங்குகளைப் போலத் திரிகிறார்கள். மொழியில்லை, குடும்பமில்லை. ஒருநாள், பூமி போதிய அளவு காய்ந்தபின், முதன்முறையாக வானம் மின்னி இடிக்கிறது. அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இடி ஏன் வருகிறது என்று ஆராய அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குக் கோபம் வந்தால் உறுமுவார்கள், கத்துவார்கள். அதே போல வானமும் ஒரு பேருடல், அது கோபத்தில் நம்மிடம் ஏதோ சொல்கிறது என்று நடுங்குகிறார்கள். அந்த நடுக்கத்தில் பிறக்கிறது முதல் கடவுள், யோவ். இடியின் ஓசையிலிருந்தே லத்தீனில் அந்தப் பெயர் வந்தது, மின்னலின் சீறலிலிருந்து கிரேக்கத்தில் சியூஸ் வந்தது என்கிறார் விக்கோ.

பார்க்கிற கடவுள் ஒன்று மேலே வந்துவிட்டதும் வெட்கம் வருகிறது. வெட்டவெளியில் கூடியவர்கள் ஒரு துணையோடு குகைக்குள் ஒதுங்குகிறார்கள். அது திருமணம். ஓரிடத்தில் தங்கியதும், செத்தவரை நாய் நரி இழுக்க விட மனம் வருவதில்லை. புதைக்கிறார்கள். எங்கே எந்தச் சமூகத்தைப் பார்த்தாலும், எவ்வளவு முரடாக இருந்தாலும், இந்த மூன்றும் இருக்கும் என்கிறார் விக்கோ: ஏதோ ஒரு சமயம், சடங்கோடு திருமணம், இறந்தவரை அடக்கம் செய்வது. லத்தீனில் மனிதத்தன்மையைக் குறிக்கும் 'ஹியூமானிட்டாஸ்' என்ற சொல்லே, புதைத்தல் என்ற பொருளுள்ள 'ஹியூமாரே' என்பதிலிருந்து வந்தது என்று வாதிடுகிறார். படத்தில் அஸ்திக் கலசம் கிடந்தது இதற்காகத்தான்.

இந்த இடிக் கதையை நடந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் உள்ளே இருக்கும் கண்டுபிடிப்பைப் பாருங்கள். ஆதி மனிதர் முதலில் சிந்தித்துப் பிறகு அழகுக்காகக் கவிதை சொன்னவர்கள் அல்லர். அவர்களுக்குக் கவிதைதான் சிந்தனை. இடியைக் கடவுளுக்கு 'ஒப்பிட'வில்லை, அவர்களுக்கு இடிதான் கடவுள். பேச்சு வரத்தொடங்கிய குழந்தை வீட்டுக்கு வரும் ஆண்களையெல்லாம் 'அப்பா' என்கிறதே, அதற்கு 'ஆண்' என்ற பொதுச்சொல் இல்லை, தெரிந்த ஒருவரின் முகத்தையே எல்லாருக்கும் சூட்டுகிறது. அப்படித்தான் வீரம் என்ற கருத்து இல்லாத கிரேக்கர்களுக்கு ஹோமரின் காவிய வீரன் அக்கிலஸ் இருந்தான், தந்திரம் என்ற கருத்துக்குப் பதில் இன்னொரு காவிய வீரன் யுலிஸஸ் இருந்தான். விக்கோ இவற்றைக் கற்பனைப் பொதுமைகள் என்கிறார். இதைக் கண்டடையத் தமக்கு இருபது ஆண்டு பிடித்தது, அந்த முரட்டு மனத்தை நம்மால் கற்பனை செய்யவே முடியாது, மிகவும் பாடுபட்டால் புரிந்துகொள்ள மட்டும் முடியும் என்று ஒப்புக்கொள்கிறார்.

பாடுபடுவது எதைக்கொண்டு? மொழியைக்கொண்டு. எந்த மொழியிலும் உயிரற்ற பொருள்களுக்கு உடம்பின் பெயர்கள் ஒட்டியிருப்பதை விக்கோ கவனித்தார். எதற்கும் உச்சி என்றால் தலை, திறப்பு என்றால் வாய், சீப்புக்குப் பல், பழத்துக்குச் சதை. பழைய லத்தீன் நாட்டு உழவர்கள் வயல் தாகமாக இருக்கிறது என்றார்கள், விக்கோ காலத்து இத்தாலிய உழவர்கள் கொடி பித்துப் பிடித்து வளர்கிறது என்றார்கள். தமிழில் படிக்கும் நமக்கு இதற்கு அகராதி வேண்டாம். ஊசிக்குக் காது, தேங்காய்க்குக் கண், கட்டிலுக்குக் கால், ஆறு கடலில் சேருமிடம் கழிமுகம், மலைக்கு அடி. வயலுக்கு நீர் கொண்டுபோகும் 'வாய்க்கால்' என்ற ஒரே சொல்லில் வாயும் காலும் காதில் விழுகின்றன. உலகம் புரியாதபோது மனிதன் தன் உடம்பையே உலகமாக்கிக்கொண்டான் என்று விக்கோ சொன்னது, நாம் தினமும் பேசும் பேச்சில் கிடக்கிறது.

சொல்லுக்குள் வரலாறு எப்படிப் படிந்திருக்கிறது என்பதற்கு அவர் காட்டும் இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீனில் 'லெக்ஸ்' என்றால் சட்டம். காட்டில் வாழ்ந்தபோது அது கருவாலி மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்ப்பதைக் குறித்திருக்கும், பிறகு பருப்பு வகைகளைச் சேர்ப்பது, பிறகு குடிமக்கள் ஒன்று சேர்வது, அந்தக் கூட்டமே சட்டம், கடைசியில் எழுத்துகளைச் சேர்ப்பது, அதாவது படிப்பது. முதலில் காடு, பிறகு குடிசை, பிறகு ஊர், பிறகு நகரம், கடைசியில் கல்விக்கூடம் என்ற மனிதப் பயணம் முழுவதையும் ஒரே சொல்லுக்குள் கேட்கிறார். அந்த மரத்தின் லத்தீன் பெயரை இதில் சேர்த்ததை இன்றைய மொழியியலாளர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்களில் பல தவறு. ஆனால் ஆவணம் இல்லாத காலத்துக்குச் சொல்லே ஆவணம் என்ற வழி தவறவில்லை.

இனி, விரிசல் விட்ட பீடம். ஹோமர் எங்கே பிறந்தார் என்று கிரேக்க நகரங்கள் பல உரிமை கொண்டாடின. அவர் வாழ்ந்த காலம் பற்றியும் நூற்றாண்டுக் கணக்கில் கருத்து வேறுபாடு. ஏன் இவ்வளவு குழப்பம்? விக்கோவின் பதில்: ஹோமர் என்று தனியாக ஒரு மகாஞானி இல்லை. தங்கள் வரலாற்றைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்த கிரேக்க மக்கள்தான் ஹோமர். அதனால்தான் எல்லா ஊரும் அவரைத் தன் ஊர் என்கிறது. ஹோமர் பாடியதாகச் சொல்லும் இரண்டு காவியங்களில் இலியட் கிரேக்கத்தின் இளமை, கோபமும் பழிவாங்கலும் கொதிப்பது. ஒடிசி அதன் முதுமை, யோசித்துத் தந்திரம் செய்வது. இரண்டுக்கும் நடுவே பல தலைமுறை இடைவெளி. ஹோமர் குருடர், ஏழை என்கிறார்களே, ஊர் ஊராகப் போய்ப் பாடிய பாணர்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஜெர்மன் அறிஞர் பிரீட்ரிக் வோல்ஃப் இதை ஒத்த முடிவுக்கு வந்து ஐரோப்பாவைக் கலக்கியது 1795-இல்.

விக்கோவின் பெயரைச் சொன்னதும் பலரும் நினைவு கூர்வது மூன்று காலங்களை. தெய்வங்களின் காலம், வீரர்களின் காலம், மனிதர்களின் காலம். எகிப்தியர் சொன்னதாக வந்த பகுப்பை அவர் எடுத்து விரித்தார். முதலாவதில் குடும்பத் தலைவன்தான் பூசாரி, அரசன், நீதிபதி. சட்டம் என்பது குறி கேட்பது. இரண்டாவதில் பிரபுக்கள் ஆள்கிறார்கள், வலுத்தவன் கை ஓங்குகிறது, சடங்குச் சொல் ஒன்று பிசகினாலும் வழக்கு தோற்றுவிடும். மூன்றாவதில் எல்லாரும் ஒரே இயல்புள்ள மனிதர் என்ற எண்ணம் வருகிறது, எழுத்துச் சட்டமும் உரைநடையும் வருகின்றன.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாறுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடிபட்டவர்கள் தங்களுக்கும் உரிமை கேட்பதால் மாறுகிறது. ரோமைப் பாருங்கள். பிரபுக்களின் நிலத்தில் பாடுபட்ட பொதுமக்கள் முதலில் நிலம் கேட்டார்கள். ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் அது கிடைத்தது. ஆனால் சடங்கோடு கூடிய முறையான திருமணம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. முறையான திருமணம் இல்லையென்றால் சட்டப்படி தகப்பன் இல்லை. தகப்பன் இல்லையென்றால் வாரிசு இல்லை. சாகும்போது நிலம் மறுபடி பிரபுவிடமே போய்ச் சேரும். ஆகவே கி.மு. 445-இல் கனுலேயஸ் சட்டத்தில் அவர்கள் வென்ற திருமண உரிமை, பிரபு வீட்டில் பெண் எடுக்கும் ஆசையால் கேட்டது அன்று. தன் பிள்ளைக்குத் தன் வயலை விட்டுச் செல்ல ஓர் உழவன் கேட்டது. திருமணச் சடங்கு என்ற ஒரு சின்ன இடத்தில் நிலம், கடவுள், வர்க்கம் மூன்றும் முடிச்சிட்டுக் கிடப்பதை விக்கோ இப்படி அவிழ்த்துக் காட்டுகிறார். ரோமானியச் சட்டம் படித்தவர்கள் இந்த வாசிப்போடு இன்றும் வாதாடுவார்கள். ஆனால் ஒரு சடங்கை இவ்வளவு அருகில் போய்ப் பார்த்தவர்கள் அவருக்கு முன் குறைவு.

யாரும் திட்டமிட்டு இந்த வளர்ச்சியைக் கொண்டுவரவில்லை என்பதும் அவர் அழுத்திச் சொல்வது. பிரபுக்கள் தங்கள் அதிகாரத்தை முறைகேடாகச் செலுத்தப் பார்த்தார்கள், விளைந்தது சட்டம். மூர்க்கத்திலிருந்து படை, பேராசையிலிருந்து வணிகம், பதவிவெறியிலிருந்து ஆட்சி. மனிதர் தம் சிறிய நோக்கத்துக்காகச் செய்வதிலிருந்து பெரிய பலன் விளைவதை அவர் இறையருள் என்றார். அவர் உறுதியான கத்தோலிக்கர். நம்பிக்கை இல்லாதவர்களும் இதை வேறு பெயரில் எடுத்துக்கொள்ளலாம், எடுத்தும் கொண்டார்கள்.

மூன்றாம் காலத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை. மனிதர் முதலில் தேவையை உணர்கிறார்கள், பிறகு பயனைத் தேடுகிறார்கள், பிறகு வசதி, பிறகு இன்பம், பிறகு ஆடம்பரத்தில் கரைகிறார்கள், கடைசியில் பித்தேறி இருப்பதை அழிக்கிறார்கள். அறிவு முற்றிய அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் சிந்தனையின் காட்டுமிராண்டித்தனம். முதல் காட்டுமிராண்டி எதிரே வந்து அடித்தான், அவனிடமிருந்து ஓடவோ காத்துக்கொள்ளவோ முடிந்தது. இவனோ இனிமையாகப் பேசி, கட்டிப்பிடித்துக்கொண்டே நண்பனின் உயிருக்கும் உடைமைக்கும் குழி பறிப்பான். நகரத்தில் உடம்புகள் நெருக்கியடித்துக் கிடக்கும், ஆனால் இரண்டு பேர் ஒன்றில் ஒத்துப்போக முடியாத அளவுக்கு ஒவ்வொருவர் மனமும் தனிக்காட்டில் இருக்கும். அப்போது சமூகம் சிதைந்து மீண்டும் எளிய, கடுமையான தொடக்கத்துக்குத் திரும்புகிறது. இதை மீள்சுற்று என்கிறார். ரோமப் பேரரசு வீழ்ந்தபின் வந்த ஐரோப்பிய இடைக்காலம் அப்படிப்பட்டது. அங்கே மறுபடி பிரபுக்களும் அவர்களை அண்டிப் பிழைத்தவர்களும் வந்தார்கள், வாள்சண்டையால் வழக்குத் தீர்ந்தது, அந்த இரண்டாம் முரட்டுக் காலத்துக்கு ஒரு ஹோமராக இத்தாலியக் கவி தாந்தே வந்தார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பைபிளில் வரும் எபிரேய (யூத) மக்களின் வரலாற்றை மட்டும் இந்த விதியிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டார். பைபிள் காலக்கணக்கை அப்படியே ஏற்றார். ஆசியாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், அதிலும் பயணிகள் சொன்னதுதான் அதிகம். ரோமின் வரலாற்றை வார்ப்பாக வைத்து எல்லா இனத்தையும் அதில் ஊற்றினார். நடையோ கடினம்: ஒரு வாக்கியத்துக்குள் நாலு வாதம், பக்கத்துக்குப் பக்கம் கிளைக்கதை. புதிதாகப் படிப்பவர்கள் தொடக்கத்தில் வரும் காலப்பட்டியலைத் தாண்டி, சூத்திரங்களாக எண்ணிட்ட பகுதிக்கு நேரே போய்விடலாம். இரண்டு மூன்று வரிகளில் ஒவ்வொன்றும் முழுதாக இருக்கும்.

நூலை அவர் விடவேயில்லை. 1725-க்குப் பிறகு 1730-இல் முற்றிலும் மாற்றி எழுதினார், சாகும்வரை மூன்றாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். 1735-இல் நேபிள்ஸின் புதிய மன்னர் சார்லஸ் அவரை அரச வரலாற்றாசிரியர் ஆக்கினார். உடல் தளர்ந்தபின் 1741-இல் அவருடைய பேராசிரியர் இருக்கை மகன் ஜென்னாரோவுக்கு வந்தது.

உலகம் அவரைத் தெரிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. 1787-இல் நேபிள்ஸ் வந்த ஜெர்மன் கவி கதேயிடம் உள்ளூர் நண்பர்கள் அவர் நூலை ஒரு புனிதப் பொருளைப் போலக் காட்டினார்கள். 1827-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் மிஷ்லே மொழிபெயர்த்தபின் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் ஓர் அடிக்குறிப்பில், மனித வரலாற்றை நாம் செய்தோம், இயற்கையின் வரலாற்றை நாம் செய்யவில்லை என்ற விக்கோவின் வேறுபாட்டை எடுத்தாள்கிறார்.

விக்கோ 1744 ஜனவரியில் இறந்தார். மூன்றாம் பதிப்பு அச்சிலிருந்து வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. சுயசரிதையைப் பிற்காலத்தில் பதிப்பித்த வில்லாரோசா அந்த அடக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வழியனுப்ப வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர் உறுப்பினராக இருந்த சாந்தா சோஃபியா என்ற சமயச் சங்கத்தாரும் சவத்தைத் தூக்க வந்திருந்தார்கள். சவப்போர்வையின் குஞ்சங்களைப் பிடிக்கும் உரிமை யாருக்கு என்று இரு தரப்புக்கும் தகராறு. பெட்டி அதற்குள் மாடியிலிருந்து முற்றத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. சங்கத்தார் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேராசிரியர்களால் மட்டும் தூக்கிப் போக முடியவில்லை. பெட்டியை மறுபடி மாடிக்கு ஏற்றினார்கள். மறுநாள் ஜென்னாரோ வேறு குருமாரை வேண்டிக் கூட்டி வந்து ஜிரோலாமினி தேவாலயத்தில் அடக்கம் செய்தார். அந்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றை மகனால் வைக்க முடிந்தது 1789-இல்தான்.